ஆன்லைனில் பாடம் நடத்தத் தொடங்கும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

இனி ஆன்லைனில்தான் வகுப்பு என்று முடிவானதும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது "எந்த ஆப் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். எந்த ஆப் ஆனாலும் சில நாளில் கை பழகிவிடும். நம்மைத் திணறடிப்பது வேறு விஷயம். பிள்ளைக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுப் போகிறது. கேமரா அணைந்த கறுப்புக் கட்டங்களுக்குப் பின்னால் யார் கவனிக்கிறார்கள், யார் எழுந்து போய்விட்டார்கள் என்று சொல்லவே முடியாது. இந்த நிலையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து விளக்கிக்கொண்டே போவது வீண் உழைப்பு.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் வலியுறுத்துவது இது: விளக்கத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எல்லோரும் ஒன்றுகூடும் நேரத்தைக் கேள்வி கேட்கவும் பதில் வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

யாரிடம் என்ன இருக்கிறது?

வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் சில விஷயங்களை விசாரியுங்கள். போன் பிள்ளையிடமே இருக்கிறதா, பெற்றோருடையதா? எந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கும்? அதே போனில் இன்னொரு பிள்ளையும் படிக்கிறதா? வைஃபை உண்டா, தினசரி அளவு வைத்த டேட்டாவா? வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா?

இதை ஆன்லைன் படிவம் அனுப்பிக் கேட்க வேண்டாம். நெட் இல்லாத வீட்டிலிருந்து அந்தப் படிவம் நிரம்பி வராது. வந்த பதில்களை மட்டும் பார்த்தால் வகுப்பு முழுவதும் நல்ல வசதியோடு இருப்பதுபோலத் தோன்றும். சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் கேட்பதுதான் சரி. இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆனால் அந்த ஓர் அழைப்பில் பெற்றோருக்கும் உங்கள் குரல் பழகிவிடும். பின்னால் அது மிகவும் உதவும்.

கிடைத்த விவரத்தை வைத்து மாணவர்களை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: நேரலைக்கு வரக்கூடியவர்கள்; படமும் குரல்பதிவும் மட்டும் பெறக்கூடியவர்கள்; வெறும் போன் அழைப்பு மட்டுமே வழியாக உள்ளவர்கள். மூன்றாவது பட்டியலில் இரண்டே பேர் இருந்தாலும் திட்டம் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அச்சிட்ட தாள், பாடப்புத்தகப் பக்க எண், வாரம் ஒருமுறை பத்து நிமிட அழைப்பு என்று அவர்களுக்கு ஒரு வழி அமைத்துவிட்டால், மற்றவர்களுக்கு நெட் போன நாளிலும் அதே தாள் கைகொடுக்கும்.

திரையே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் வானொலிப் பள்ளி தொடங்கியது. ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்த பண்ணைகளின் பிள்ளைகள் தபாலில் வந்த பாடங்களைப் படித்தார்கள்; வானொலிக் கருவி வழியே ஆசிரியரின் குரலைக் கேட்டார்கள், ஆசிரியரோடு பேசினார்கள். படிப்பது தாளில், பேசுவது காற்றலையில். நமக்கும் அந்தப் பிரிவினை அப்படியே பொருந்தும்.

டேட்டா கணக்கு போட்டுப் பாருங்கள்

குரலை மட்டும் கடத்த நொடிக்குச் சுமார் 80 கிலோபிட் போதும். அப்படியென்றால் 40 நிமிட வகுப்புக்கு ஏறக்குறைய 24 எம்பி. ஓரளவு தெளிவான வீடியோவுக்கு 600 கிலோபிட் என்று வைத்தால் அதே 40 நிமிடத்துக்கு 180 எம்பி ஆகும். மாணவரும் கேமராவைப் போட்டால் அனுப்பும் பக்கத்திலும் தனியாகச் செலவாகும். ஒரு நாளில் ஐந்து வகுப்பு என்றால் குரலுக்கு 120 எம்பி, வீடியோவுக்கு 900 எம்பி. அண்ணனும் தங்கையும் ஒரே இணைப்பில் படிக்கும் வீட்டில் இந்த வித்தியாசம்தான் மதியத்துக்கு மேல் வகுப்புக்கு வர முடியுமா என்பதையே தீர்மானிக்கும்.

எனவே தொடக்கத்தில் இரண்டு நிமிடம் உங்கள் முகம் தெரியட்டும். வணக்கம் சொல்லுங்கள், சிரியுங்கள். அப்புறம் கேமராவை அணைத்துவிட்டு அசையாத ஸ்லைடு ஒன்றைப் பகிர்ந்து பேசுங்கள். அசையாத திரைக்கு டேட்டா மிகக் குறைவாகவே ஆகும். வீடியோவை ஓடவிட்டுப் பகிர்ந்தால் எகிறிவிடும்.

மாணவர்களின் கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டேட்டா மட்டுமே காரணமில்லை. தன் வீடு மற்றவர்கள் கண்ணில் படுவதை விரும்பாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். வீடியோ கூட்டங்கள் ஏன் இவ்வளவு களைப்பைத் தருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் ஒரு கட்டுரை எழுதினார். மிக நெருக்கத்தில் விடாமல் பல முகங்களைப் பார்ப்பது, நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் இருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக மெனக்கெடுவது என்று நான்கு காரணங்களை அவர் முன்வைத்தார். நீங்களும் உங்கள் முகத்தை உங்கள் திரையிலிருந்து மறைத்துவைக்கலாம். ஜூமில் அதற்கென்றே வசதி இருக்கிறது. நாள் முடிவில் வித்தியாசம் தெரியும்.

இப்போது ஆப்

மூன்று வேலைக்கு மூன்று இடம் போதும்: செய்தி சொல்ல ஒன்று, நேரலைக்கு ஒன்று, விடைகளை வாங்க ஒன்று. நான்காவதாக ஏதோ புதிது வந்திருக்கிறது, அருமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அடுத்த பருவத்துக்கு ஒத்திவையுங்கள். ஒவ்வொரு புது ஆப்புக்கும் ஒரு பாஸ்வேர்ட், அதை மறந்த நான்கு பேர், அவர்களுக்காக அரைமணி நேரம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

நேரலைக்கு கூகுள் மீட், ஜூம் இரண்டில் எதுவானாலும் சரி. இலவசக் கணக்கில் இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். மீட்டில் மூன்று பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் 60 நிமிடம். 40 நிமிடம் குறைவு என்று வருந்த வேண்டாம். அதற்கு மேல் பிள்ளைகளை உட்காரவைப்பதில் பலனும் இல்லை.

செய்திக்குப் பெரும்பாலும் வாட்ஸ்அப் தான். குழு தொடங்கியதும் முதல் வேலையாக, அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றுங்கள். இல்லையென்றால் வீட்டுப்பாடம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். சந்தேகம் கேட்கத் தனியாக ஒரு குழு வையுங்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். அதை விரும்பாத பெற்றோர் இருந்தால் ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வழியே அனுப்புங்கள். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச்சேரும், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். வாட்ஸ்அப் கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 13. சிறு பிள்ளைகள் என்றால் பெற்றோர் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடைகளை வாங்க கூகுள் கிளாஸ்ரூம் வசதியானது. ஒரு தாளை ஏற்றி, ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி நகல் போகும்படி செய்யலாம். சொந்தமாக சர்வர் வைத்துப் பராமரிக்க ஆள் இருக்கும் நிறுவனங்கள் ஆன்லைன் வகுப்புகளை நடத்த உதவும் மூடுல் போன்ற திறந்தமூல மென்பொருளை நாடலாம். தனி ஆசிரியருக்கு அது தேவையில்லாத சுமை.

உட்காரும் இடம்

ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். மைக் உள்ள சாதாரண இயர்போன் போதும், வாய்க்கு அருகில் இருப்பதால் அறைச் சத்தம் குறையும். படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவில்லையென்றால் வகுப்பு அதோடு முடிந்தது.

எழுதிக் காட்டப் பேனா டேப்லெட் வாங்க வேண்டியதில்லை. இரண்டு அடுக்காகப் புத்தகங்களை வைத்து, மேலே ஒரு ஸ்கேலைக் குறுக்காகப் போட்டு, அதன்மேல் போனைக் கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள். அடியில் ஒரு வெள்ளைத்தாள். தாளின் நான்கு மூலைகளும் திரைக்குள் வருகின்றனவா என்று பார்த்து, அந்த இடத்தை மேசையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தாள் மாற்றும்போது தேட வேண்டியிருக்காது. மெல்லிய பால்பாயிண்ட் கோடு சின்னத் திரையில் தெரியாது. தடித்த முனைப் பேனாவால், நோட்டில் எழுதுவதைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதுங்கள்.

விளக்கத்தைப் பதிவு செய்தல்

ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கருத்து, ஆறு நிமிடத்துக்குள். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தில் ஏறக்குறைய 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆய்வாளர் ஃபிலிப் குவோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அலசி 2014-இல் வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசிரியர் இயல்பாகப் பேசிய பதிவுகள், பெரும்செலவில் ஸ்டுடியோவில் எடுத்தவற்றைவிட நன்றாகக் கவனத்தை இழுத்தன என்றும் அதில் கண்டார்கள். ஆக, எடிட்டிங்கில் இரவுகளைக் கழிக்க வேண்டாம். இடையில் தடுமாறினால் திருத்திச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

பதிவை 480பி தெளிவில் வைத்தால் கோப்பு சிறிதாகும். பாதியில் ஓரிடத்தில் "இங்கே நிறுத்து, நோட்டில் நீயே போட்டுப் பார், அப்புறம் மேலே போ" என்று சொல்லுங்கள். ஸ்லைடில் உள்ள வரிகளையே வாசித்துக் காட்டாதீர்கள். கண்ணும் காதும் ஒரே வரியோடு மல்லுக்கட்டும்போது பொருள் நழுவிவிடும். ஸ்லைடில் படம் இருக்கட்டும், விளக்கம் உங்கள் குரலில் வரட்டும்.

வீடியோ பார்க்க முடியாதவர்களுக்கு அதே பாடத்தை மூன்று புகைப்படம், மூன்று குரல்பதிவாக அனுப்பலாம். "படம் 1-ஐ எடுத்துக்கொள். இடது பக்கம் இருக்கும் வட்டத்தைப் பார்" என்று விரல் வைத்துக் காட்டுவதுபோலப் பேச வேண்டும். இது மிக எளிய வழி, வீடியோவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. சில பாடங்களுக்கு இதுவே மேல்.

நேரலையில் என்ன செய்வது?

முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் பதில் சொல்லக்கூடிய ஒரு சின்னக் கேள்வி போடுங்கள். நேற்று அனுப்பிய பதிவிலிருந்து இருக்கலாம். "எல்லோரும் சாட்டில் பதிலை டைப் செய்யுங்கள், ஆனால் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி அரை நிமிடம் கொடுங்கள். அப்புறம் "இப்போது அனுப்புங்கள்." பதில்கள் ஒரே நேரத்தில் கொட்டும். முந்திக்கொள்ளும் இரண்டு பேரைப் பார்த்து மற்றவர்கள் எழுதும் வழக்கம் இதில் நின்றுவிடும். தமிழில் டைப் செய்யத் திணறுகிறவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சைக் காட்டிக்கொடுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது திரையில் இன்னும் முக்கியம். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். அது நேரடி வகுப்பறையில். இங்கே உங்கள் குரல் போய்ச்சேரத் தாமதம், அவர் மியூட்டை எடுக்கத் தாமதம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி முதல் வாரம் சங்கடமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும்.

நேரடி வகுப்பில் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பெயரைக் கடைசியில் சொல்வோம். இங்கே அதைத் திருப்புங்கள். "அடுத்த கேள்வி மாலதிக்கு, அதன் பிறகு கபிலன்" என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் மைக்கைத் தயாராக வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். மைக் போடத் தயங்குகிறவர் சாட்டில் எழுதட்டும். அதுவும் பதில்தான்.

நடுவில் வரும் இருபது நிமிடத்துக்கு, தவறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் கேள்விகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 எவ்வளவு? நான்கு விடைகள்: 5/6, 2/5, 2/6, 1/6. கூகுள் ஃபார்ம்ஸிலோ வாக்கெடுப்பிலோ போடுங்கள். 2/5 என்று சொன்னவர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார். பின்னம் என்பது ஒரே எண் என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. 2/6 சொன்னவருக்குப் பொதுப் பகுதி வேண்டும் என்று தெரிகிறது, தொகுதியை மாற்ற மறந்துவிட்டார். 1/6 சொன்னவர் பெருக்கலின் விதியை இங்கே கொண்டுவந்திருக்கிறார். யார் எதைத் தேர்ந்தார்கள் என்று பார்த்ததும் அடுத்த பத்து நிமிடம் என்ன பேச வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். 2/5 நிறைய வந்தால், "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேளுங்கள். 2/5 அரையைவிடச் சிறியது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 2/6 மட்டும் வந்தால் பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தவே வேண்டாம், ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். எந்தப் பாடமானாலும் இப்படி ஒரு கேள்வி தயாரிக்க அரைமணி நேரம் ஆகலாம். அழகான ஸ்லைடு செய்வதற்குச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

சிறு குழுக்களாகப் பிரிக்கும் வசதியைப் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மூன்று பேர், ஐந்து நிமிடம், எழுதிக் கொண்டுவர ஒரே ஒரு வாக்கியம் என்று வரையறுத்துவிட வேண்டும். "கலந்துரையாடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஐந்து நிமிடமும் மௌனம்தான்.

கடைசி ஐந்து நிமிடத்தில் திரையை விட்டுக் கண்ணை எடுக்கச் சொல்லுங்கள். சுமார் ஆறு மீட்டர் தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை 20 நொடி பார்க்கட்டும். கண்ணுக்கு ஓய்வு.

நெட் போனால்

எப்படியும் ஒருநாள் போகும். முதல் வகுப்பிலேயே விதியைச் சொல்லிவிடுங்கள்: "நான் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரவில்லையென்றால் குழுவில் இருக்கும் இன்றைய தாளை எடுத்துப் போட ஆரம்பியுங்கள்." அந்தத் தாள் வகுப்புக்கு முன்பே குழுவில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

லிங்கைப் பொது இடத்தில் போடாதீர்கள். 2020-இல் அந்நியர்கள் வகுப்புகளுக்குள் புகுந்து தொல்லை கொடுத்த பிறகுதான் ஜூம் அந்த ஏப்ரலில் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பான அமைப்பாக்கியது. அவற்றை அணைக்க வேண்டாம். திரையைப் பகிரும் உரிமை உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பகிரும் முன் உங்கள் போனிலும் கணினியிலும் அறிவிப்புகளை நிறுத்துங்கள். தனிப்பட்ட செய்தி ஒன்று வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடக் கூடாது. பிள்ளைகளின் முகமோ குரலோ வரும் பகுதியைப் பெற்றோர் சம்மதமில்லாமல் பதிவு செய்யாதீர்கள். விளக்கம் ஏற்கனவே தனிப் பதிவாக இருப்பதால் நேரலையைப் பதிய வேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை. மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடவே கூடாது.

வீட்டுப்பாடமும் திருத்தமும்

நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்புவதே எளிது. கூகுள் டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் வசதியைக் காட்டிக்கொடுத்தால் பல பக்கங்களும் நிழல் விழாமல் ஒரே பிடிஎஃப் கோப்பாக வரும். கோப்பின் பெயரில் மாணவர் பெயரும் பாட எண்ணும் இருக்க வேண்டும் என்று முதல் நாளே பழக்குங்கள். எல்லாப் பக்கத்தையும் திருத்த முயன்றால் மாதக் கடைசிக்குள் சோர்ந்துவிடுவீர்கள். சரி தவறு என்று தெளிவாகச் சொல்லக்கூடிய கேள்விகளை ஃபார்ம்ஸ் தானே திருத்தட்டும். உங்கள் நேரம் வாரம் ஒரே ஒரு விடைக்கு: ஒரு நிமிடத்துக்கும் குறைவான குரல்பதிவு. "மூன்றாவது வரி வரை சரியாக வந்திருக்கிறாய். நான்காவதில் குறி மாறிவிட்டது, அதை மட்டும் திரும்பப் போட்டு அனுப்பு." சிவப்பு மையில் எழுதுவதைவிட இது பிள்ளைகள் மனதில் நிற்கிறது, வீட்டில் கேட்பவர்களுக்கும் புரிகிறது.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு, வீட்டிலிருந்து வரும் கட்டுரையை மட்டும் வைத்துப் பிள்ளைக்குத் தெரிந்ததை அளக்க முடியாது. எழுதியதோடு ஒரு நிமிடக் குரல்பதிவும் கேளுங்கள்: இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்? கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் திருத்த வரலாற்றைத் திறந்து கட்டுரை எப்படி வளர்ந்தது என்று சேர்ந்து பார்க்கலாம். குற்றம் கண்டுபிடிக்கும் தொனி வேண்டாம்.

பாடத்துக்கு உதவும் கருவிகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அறிவியலுக்கு, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையிலேயே செய்துபார்க்கும் ஃபெட் மாதிரிச் சோதனைகள். பலவற்றைத் தரவிறக்கி நெட் இல்லாமலும் ஓட்டலாம். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. விக்கிப்பீடியாவை நெட் இல்லாமல் படிக்க கிவிக்ஸ். பருவத்துக்கு ஒன்று போதும்.

காணாமல் போகும் பிள்ளை

வருகைப்பதிவை நேரலையில் பெயர் தெரிகிறதா என்று பார்த்து எடுக்காதீர்கள். பெயர் இருக்கும், ஆள் இருக்காது. அந்த வாரம் ஏதாவது ஒரு பதில், ஒரு படம், ஒரு குரல்பதிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாரக் கடைசியில் பட்டியலை எடுத்து, எதுவும் வராதவர்களை மட்டும் குறித்து, அன்று மாலையே அழையுங்கள். "ஏன் வகுப்புக்கு வரவில்லை?" என்று ஆரம்பித்தால் மறுமுனையில் பதில் வராது. போன் பழுதாகியிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், பாடம் கைவிட்டுப் போய்விட்டதே என்ற வெட்கமாகவும் இருக்கலாம். நலம் விசாரியுங்கள். கடைசியாகப் புரிந்த பாடம் எது என்று கேட்டு, அங்கிருந்து ஒரு வாரத்துக்கான தாளை மட்டும் அனுப்புங்கள். விடுபட்ட எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்ப வேண்டாம். அடுத்த அழைப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அப்போதே பேசி முடிவுசெய்து, நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.